இணைப்பை அறுத்தவள்

அலுவலகத்தில் அவளுக்கு முடிச்சக்கா என்று பெயர். நாட்டின் இணையக் கேபிள்களெல்லாம் எல்லை தாண்டுமுன் வந்து சேரும் கட்டடம் அது. எங்கே சிக்கினாலும் அவள்தான் போய் அவிழ்ப்பாள். ஒரே தங்கையைப் பக்கத்து நாட்டில் கட்டிக்கொடுத்திருந்தது. காய் நறுக்கும் நேரத்தில் இருவரும் வீடியோவில் ஊர்க்கதை பேசுவார்கள்.

அந்தப் பக்கத்து நாடுதான் படையெடுத்து வந்தது. முதல் வாரமே முடிச்சக்காவின் தெருவில் குண்டு விழுந்து, எதிர்வீட்டுத் தையற்காரி குடும்பத்தோடு போய்ச்சேர்ந்தாள். முடிச்சக்கா இடிபாட்டைப் படமெடுத்துத் தங்கைக்கு அனுப்பினாள். தங்கை அழுதாள். தன் குடியிருப்புப் பெண்களுக்கெல்லாம் காட்டினாள்.

அந்த நாட்டுக்குப் போகும் இணைப்பைத் துண்டிப்பதா என்று அலுவலகத்தில் கூட்டம் போட்டார்கள். மேலாளர் வேண்டாம் என்றார். அவர்கள் ராணுவத்துக்குத் தனி வழி இருக்கிறது, அதற்கு ஒரு கீறலும் விழாது, கண்ணைக் கட்டிவிட்டாற்போல் ஆவது அங்கிருக்கும் வீட்டு ஜனங்கள்தான் என்றார். முடிச்சக்காவுக்கு, தையற்காரி வீட்டுக் கம்பியில் தொங்கிய பாதி தைத்த சட்டைதான் கண்ணில் நின்றது.

"குண்டு போடறவனுக்கு நாம எதுக்கு சார் லைன் குடுக்கணும்?"

எல்லாரும் அவள் பக்கம் சாய்ந்தார்கள். துண்டிக்கும் கட்டளையைக் கணினியில் தட்டியதும் அவளே. தங்கையிடம் முன்கூட்டிச் சொல்ல வாய் வரவில்லை.

குண்டுகள் நிற்கவில்லை. சில மாதங்கள் கழித்து, வேறொரு நாடு வழியாகச் சுற்றிக்கொண்டு, தங்கையின் தொலைபேசி அழைப்பு வந்தது. நலம் விசாரித்தாள், தயங்கினாள்.

"அக்கா, உங்க ஆளுங்களே குண்டு வெச்சுக்கறாங்களாமே? டிவியில தினம் காட்டறாங்க."

"நான் அனுப்பின படத்த நீ பாத்தியேடி."

"அது பழைய படம்னு இவர் சொல்றார். அப்புறம் ஒண்ணுமே வரலியே. மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்லன்னா நெட்ட எதுக்கு அறுக்கணும்?"

"அறுத்தது நான்தான்."

அப்படியா என்றாள் தங்கை. அடுப்பில் வேலை இருக்கிறதென்று வைத்துவிட்டாள்.

போர் ஓய்ந்ததும் இணைப்பைத் திரும்பக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்த கையோடு முடிச்சக்கா தங்கைக்குச் செய்தி அனுப்பினாள். போய்ச் சேர்ந்தது, பார்த்ததாகவும் காட்டியது. பதில் வரவில்லை.

ஒருநாள் மேலாளர், தங்கை எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். நன்றாக இருக்கிறாள் சார் என்றாள்.