அந்தோனியாருக்கு நேர்ந்துவிட்ட பதிமூன்று மீன்கள்

எங்க ஊட்டுக்காரர் பெரியநாயகம், காப்பி எஸ்டேட்டில் முப்பது வருசம் ஜீப் ஓட்டினவர். ஒரு இடத்தில் சும்மா உட்காரத் தெரியாது. அவர் அடங்கி உட்காருவது எங்கள் மலையில் கொட்டச்சேடு ஊருக்குக் கீழே, காட்டோரக் குட்டையில் தூண்டில் போடும்போது மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போவார். நாலு கெண்டை கிடைத்தால் திரும்பிவிடுவார். ஜிலேபி மீன் மாட்டினால் முள்ளைப் பதமாகக் கழற்றி, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு தண்ணீரிலேயே விட்டுவிடுவார்.

எங்கள் மகள் ஜோஸ்லின் இருபது வருசத்துக்கு முன்னால், மூணு வயசில் காய்ச்சலில் கண்ணே திறக்காமல் கிடந்தாள். மீன்களெல்லாம் தலைதூக்கிக் கேட்டது அந்தோனியார் பிரசங்கத்தைத்தானே. அவருக்கு இவர் நேர்ந்துகொண்டார்: பிள்ளை பிழைத்தால் பதிமூணு மீனை உயிரோடு தண்ணியில் விடுகிறேன். அந்தோனியாருக்கு வேண்டிக்கொள்ளும் செவ்வாய்க்கிழமைகள் பதிமூணு இல்லையா, அந்தக் கணக்கு. பிள்ளை எழுந்துவிட்டாள். மேட்டூரில் வாங்கின ஜிலேபிக் குஞ்சுகளை வாளியில் விட்டு, பஸ்ஸில் நான் மடியில் வைத்திருந்தேன். வளைவுக்கு வளைவு சேலை நனைந்தது. அந்தக் குட்டையில்தான் விட்டோம். நேர்ந்துவிட்ட மீனும் அதன் வம்சமும் அந்தோனியாருடையது என்பார். ஒன்றைக்கூட அவர் கொன்றதில்லை.

போன மாதம் குட்டையைப் பாதுகாக்கப்பட்ட இடமாக்கி, பொழுதுபோக்குத் தூண்டிலைத் தடுக்கப் போவதாகக் காட்டிலாகா போர்டு வைத்தது. ஊரார் கருத்துச் சொல்லப் பள்ளிக்கூடத்தில் கூட்டம். அதுவரை அவருக்குச் சோறு இறங்கவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

கூட்டத்தில், மீன் கணக்கெடுக்க வந்த கலா என்ற பெண் முதலில் பேசியது. "இந்த நாட்டுக் கெண்டை இந்தப் பக்கத்துல அந்தக் குட்டையிலதான் மிஞ்சியிருக்குங்க. அதுவும் குறைஞ்சுட்டே வருது."

விடுதி நடத்தும் எல்வின் எழுந்தார். "ரெண்டு பேரு தூண்டி போட்டா அழிஞ்சிருமா? எங்க விருந்தாளிங்க புடிச்சதைத் திருப்பி விட்டுடறாங்க."

"திருப்பி விடறதுக்கு எதுக்குய்யா புடிக்கோணும்?" என்றாள் தோட்டவேலை செய்யும் பொன்னாயி. "மீனு வாயைக் குத்திப் பாக்கவா காரு வெச்சு வாராங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை.

"தூண்டில் மட்டும் இல்லீங்க," என்றது கலா. "யாரோ ஜிலேபியைக் கொண்டாந்து விட்டிருக்காங்க. கெண்டை முட்டையைத் தின்னு அது பெருகிப்போச்சு."

என் பக்கத்தில் அவர் கால் ஆடத் தொடங்கியது. "ஏனுங்க, ஊட்டுக்குப் போயிரலாங்களா?" என்று காதில் கேட்டேன். அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"விட்டது நாந்தானுங்க. பதிமூணு குஞ்சு, நேர்த்திக்கடன். அதுகளைத் திருப்பித் திருப்பி விட்டுட்டு, இருவது வருசமா கெண்டையைத் தின்னதும் நாந்தான்."

"அட மனுசா," என்றாள் பொன்னாயி, "திங்க வேண்டியதை விட்டுப்போட்டு, விட வேண்டியதைத் தின்னிருக்கயே!"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. காட்டிலாகா ரேஞ்சர் கலாவிடம் ஏதோ கேட்டார். பிறகு சொன்னார்: "குட்டை எல்லாருக்கும் மூடியாச்சு. ஜிலேபியை மட்டும் வெளியேத்த உள்ளூர்க்காரங்க நாலு பேரு, சனிக்கிழமையில தூண்டில் போடலாம். கெண்டை மாட்டினா உடனே விட்டுறோணும். பெரியவரே, வர்றீங்களா?"

அவர் ஆசைப்பட்ட அனுமதிதான் அது. ஆனால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "அந்தோனியாரைக் கேக்கோணுங்க."

செவ்வாய்க்கிழமை கோயிலில் சுரூபத்துக்கு முன்னால் முட்டி போட்டார், எழுந்தார், மறுபடி முட்டி போட்டார். என்ன பதில் வந்தது என்று நான் கேட்கவில்லை. சனிக்கிழமை தூண்டிலை எடுத்தபோது, "செல்வி, அந்த வாளியை எடு," என்றார் என்னிடம். அதே பழைய வாளி.

முதல் ஜிலேபி மாட்டியதும் பழக்கத்தில் கை நெற்றிக்குப் போனது. பாதியில் நின்றது. மீனை வாளியில் போட்டார். அது துள்ளத் துள்ள, பார்க்காமல் அடுத்த புழுவைக் கோத்தார். முள் விரலில் குத்திவிட்டது. மத்தியானத்துக்குள் ஒன்பது. நடுவில் ஒரு கெண்டை வந்தது. அதை விட்டபோதுதான் சிலுவை போட்டார்.

நான் அந்த மீனில் குழம்பு வைத்தேன். அவர் அதைத் தொடாமல் மோர் ஊற்றித் தின்றுவிட்டு எழுந்துவிட்டார். இன்று செவ்வாய்க்கிழமை. வாசலில் நின்று தூண்டில் முள்ளைத் தீட்டிக்கொண்டிருக்கிறார். அடுத்த சனிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது.