யாருக்கும் அடிபடாத கதை

வியாழக்கிழமை பகல் ஒன்றே கால் மணிக்கு என் மகளைத் தெருவுக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருப்பதற்குக் காரணம், அப்போது நான் சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்ததுதான். புதுச்சேரிக்கு வந்து அன்று பத்தாவது நாள்.

பாளையங்கோட்டையில் இருந்து இதை வாசிக்கும் உங்களுக்கு இந்த ஊரின் பகலைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். பன்னிரண்டு மணி அடித்ததும் கடைக்காரர் பலகைகளை ஒவ்வொன்றாகப் பொருத்தி மூடுகிறார். காரியாலயங்கள் மூடுகின்றன. ஜன்னல்களின் பச்சை மரத்தட்டிகள் ஒருசேரக் கீழே இறங்குகின்றன. மூன்று மணி வரை துரை முதல் கூலி வரை எல்லோரும் தூங்குகிறார்கள். நம் ஊரில் பகல் ஒரு மணிக்குத் தெருவில் எத்தனை சத்தம். வண்டிமாட்டு மணியும், மிஷன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் இரைச்சலும், ஈயம் பூசுகிறவன் குரலும் கலந்து வரும். இங்கே அந்த நேரத்தில் நடந்தால் நம் செருப்புச் சத்தமே நமக்குக் கூச்சமாக இருக்கும். யாராவது கதவைத் தட்டினால் திறக்கமாட்டார்கள். அது மரியாதைக் குறைவு அல்ல. அந்த வேளையில் யாரும் தட்டமாட்டார்கள் என்பதுதான் இந்த ஊர் வழக்கம்.

பருத்தி விலை விழுந்த வருஷத்தில் நான் வேலை பார்த்த கமிஷன் மண்டி மூடப்பட்டது. எனக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதத் தெரியும். பிரெஞ்சுக் கொடி பறக்கும் இந்த ஊரில், கப்பலுக்கு வேர்க்கடலை அனுப்பும் ஒரு கம்பெனிக்கு அப்படி ஓர் ஆள் தேவைப்பட்டது. என் மாமனார் பக்கவாதத்தில் கிடந்ததால் மனைவி அங்கேயே தங்கவேண்டியதாயிற்று. பதினொரு வயது மகள் கோமதியை அழைத்துக்கொண்டு நான் மட்டும் வந்தேன். முத்தியால்பேட்டையில் மதலேனம்மாள் வீட்டின் பின்கட்டு எங்களுக்குக் கிடைத்தது. அந்த அம்மாள் சைகோனில் உத்தியோகம் பார்த்து இறந்தவருடைய விதவை. என்னை முதல் நாளிலிருந்தே ‘இங்கிலீஷ் முசே’, அதாவது இங்கிலீஷ் சீமை ஐயா, என்றுதான் கூப்பிட்டார். வந்த இரண்டாவது வாரத் திங்கட்கிழமை கோமதியைக் கன்னியாஸ்திரீகள் நடத்தும் பெண்கள் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டவரும் அவரே.

அந்த வியாழக்கிழமை நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தபோது கோமதி வீட்டில் இருந்தாள். ஏன் போகவில்லை என்று கேட்டேன்.

“இன்னிக்கு பள்ளிக்கூடம் கெடையாதாம்ப்பா. சிஸ்டர் சொன்னாங்க.”

“வியாழக்கெழம எந்த ஊர்ல லீவு விடுதான்? போக மனசில்லன்னா மனசில்லன்னு சொல்லு. பொய் சொல்லாத.”

அவள் அழவில்லை. மத்தியான வகுப்பு மூன்று மணிக்குத்தான், ஆனாலும் காலையில் வராததற்கு இப்போதே போய்ச் சிஸ்டரிடம் மன்னிப்புக் கேள் என்று விரட்டினேன். பையையும் சிலேட்டுப் பலகையையும் எடுத்துக்கொண்டு நடந்தாள். புது ஊரில் பெண் பயந்துபோய்ப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுகிறாள், இப்போது விட்டால் பழகிவிடும் என்று நான் நினைத்தேன்.

பள்ளிக்கூடத்து வாசல் பூட்டியிருந்தது. திரும்பி வரும் வழியில், கடலை மூட்டை ஏற்றிய ஒரு வண்டி அச்சாணி முறிந்து சாய்ந்ததை அவள் பார்த்தாள். வண்டிக்காரர் அதன் அடியில் இருந்தார். இதற்குமேல் அதை விவரிக்க எனக்கு விருப்பமில்லை. தெருவில் அவளையும் அவரையும் தவிர வேறு யாரும் இல்லை. அவள் வீடு வீடாகக் கதவைத் தட்டினாள். ஆறு கதவுகள் திறக்கவில்லை. ஏழாவதை ஒரு பென்ஷன்காரர் திறந்தார். இவ்வளவையும் எனக்குச் சொன்னவர் அந்தப் பென்ஷன்காரர். கோமதி எதையும் சொல்லவில்லை.

மதலேனம்மாள் விஷயம் கேட்டு வாசலில் வந்து நின்றார். “ஜெதியில எந்த எகோல் தொறந்திருக்கும் முசே? கைக்கொழந்தைக்கும் தெரியுமே. என்னை ஒரு வார்த்த கேக்கக்கூடாதா?” பிரெஞ்சுக்காரர்கள் ஊரில் பள்ளிக்கூடங்களுக்கு வியாழக்கிழமை விடுமுறை, சனிக்கிழமை முழுநாள் படிப்பு. இங்கே பிறந்தவர்களுக்கு இது சூரியன் உதிப்பதுபோல. எங்கள் பக்கத்திலிருந்து வந்தவன்தான் இந்தத் தப்பைச் செய்யமுடியும். நான் செய்தேன்.

அதன்பிறகு கோமதி பகலில் கண்ணை மூடுவதில்லை. ஊர் அடங்கியதும் எழுந்து உட்கார்ந்து தெருவையே கேட்டுக்கொண்டிருப்பாள். சோறு பாதிக்குமேல் இறங்குவதில்லை. ஒரே ஒரு முறை, “வண்டிக்காரர் எங்கப்பா?” என்று கேட்டாள். “ஊருக்குப் போயிட்டார்” என்றேன். எனக்குத் தெரியாது. விசாரிக்கப் பயந்து, காரியாலயத்துக்கு அந்தத் தெரு வழியாகப் போவதையே நிறுத்தியிருந்தேன். மனைவிக்கு எழுதிய கடிதங்களில் கடற்காற்று நன்றாக இருக்கிறது என்று எழுதினேன்.

அவளுக்குக் கதை என்றால் உயிர். பாளையங்கோட்டையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அவள் அம்மா கதைப் புஸ்தகத்தை உரக்க வாசிப்பாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்பார்கள். கொலைகாரன் வரும் இடத்தில் ஒருத்தி “பாவி, நாசமாப் போக” என்பாள். கோமதி அம்மா மடியில் படுத்துக்கொண்டு சிரிப்பாள். அந்த வீட்டில் எந்தக் கதைக்கும் நாங்கள் பயந்ததில்லை. அந்த நினைவில்தான், இங்கே பகல் ஒரு மணி முதல் மூன்று வரை அவளுக்கு வாசித்துக் காட்டலாம் என்று ஒரு துப்பறியும் நாவலை எடுத்தேன். மூன்றாவது பக்கத்தில் ஜன்னலோரம் ஒரு பிரேதம் கிடந்தது. அவள் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள். மறுநாள் வேறொரு புஸ்தகத்தை எடுத்தபோது, “இதுல யாருக்காவது அடிபடுமாப்பா?” என்று கேட்டாள். அதற்குப் பிறகு எந்தப் புஸ்தகத்தை எடுத்தாலும் முதல் கேள்வி அதுதான்.

யாருக்கும் அடிபடாத கதை ஒன்றைத் தேடிப் பாருங்கள், அப்போது தெரியும். எனக்கு நாற்பத்தாறு வயது. அத்தனை வருஷமும் வாசித்தவற்றை மனத்தில் ஓட்டிப் பார்த்தேன். ராஜா கதையில் யுத்தம். பக்தர் கதைகளில் கையை வெட்டிக்கொள்கிறார்கள், கண்ணைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். குழந்தைகளுக்கான நீதிக்கதையில்கூடக் கடைசியில் யாரையாவது புலி தின்றுவிடுகிறது. சமூக நாவல் என்று வாங்கினால் கதாநாயகி கிணற்றில் விழுகிறாள். மதலேனம்மாள் தன் பெட்டியிலிருந்து வேதசாட்சிகளின் சரித்திரத்தை எடுத்துக் கொடுத்தார். திறந்த இடத்தில் கொதிக்கிற எண்ணெய்க் கொப்பரை இருந்தது. திருப்பிக் கொடுத்தபோது அவருக்கு வருத்தம். “அவங்கல்லாம் நேரா மோட்சத்துக்குப் போனவங்க. இதுல இன்னா பயம்?” என்றார்.

பிறகு பாளையங்கோட்டை வாசகசாலையில் புஸ்தகம் எடுத்துக்கொடுக்கும் என் நண்பருக்கு எழுதினேன். அவர் ரயிலில் ஒரு கட்டு அனுப்பினார். எல்லை தாண்டி வரும் எந்தக் கட்டையும் இங்கே சுங்கத்தில் பிரிக்காமல் விடமாட்டார்கள். தொப்பி வைத்த உத்தியோகஸ்தர் தமிழர்தான். என்ன புஸ்தகம், அரசியலா என்று கேட்டார். கதைகள்தான், யாருக்கும் அடிபடாத கதையாகப் பார்த்து அனுப்பச் சொல்லியிருந்தேன் என்று உண்மையைச் சொன்னேன். அவருடைய சந்தேகம் அந்த நிமிஷத்தில்தான் ஆரம்பித்தது. “அடிதடி இல்லாத புஸ்தகத்தை எதுக்கு முசே அந்தச் சீமையிலேர்ந்து வரவழைக்கிறீங்க?” என்றார். ஒரு மணி நேரம் என்னை நிற்கவைத்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். நானும் அவர் தோளுக்குமேல் எட்டிப் புரட்டிப் பார்த்தேன். இரண்டு பேரும் வெவ்வேறு குற்றங்களைத் தேடினோம். அவர் எதையும் கண்டுபிடிக்கவில்லை. நான் ஐந்தில் நான்கு புஸ்தகங்களில் கண்டுபிடித்தேன்.

ஐந்தாவதற்கு அட்டை இல்லை. முதல் எட்டுப் பக்கங்களும் இல்லை. அதனால் பெயரும் எழுதியவரும் தெரியாது. ஓர் ஆற்றில் ஓடம் விடுகிறவருடைய குடும்பத்தின் கதை. மழையால் ஒரு கல்யாணம் தள்ளிப்போகிறது. காணாமல்போன பசு தானே திரும்பி வருகிறது. அக்கரைக்குப் போக வந்த இரண்டு சம்பந்திகள் ஓடத்திலேயே சண்டை போட்டு, ஓடத்திலேயே சமாதானமாகிறார்கள். வாசிக்க வாசிக்க எனக்கு எங்கள் ஊர்க் குறுக்குத்துறை ஆற்றுத் தண்ணீரின் வாசனை வந்தது. கோமதிக்கும் வந்திருக்கவேண்டும். நான்காம் நாள் வாசிப்பில் அவள் சம்பந்திகளைக் கேட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்ட மதலேனம்மாள் தூக்கம் கலைந்து எழுந்துவந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆனால் நான் எப்போதும் ஒரு அத்தியாயம் முன்னதாக, காரியாலயத்தில் வைத்து வாசித்துக்கொள்வது வழக்கம். பதினொன்றாம் அத்தியாயத்தில் ஆற்றில் வெள்ளம் வந்தது. ஓடம் கரையில் மோதி ஓடக்காரருக்குக் கால் முறிந்தது. புஸ்தகத்தை மூடினேன். மதலேனம்மாளிடம் யோசனை கேட்டேன். தான் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில், சிறுமிகள் வாசிக்கக்கூடாத தாள்களை ‘சேர்’மார், அதாவது கன்னியாஸ்திரீகள், ஊசி நூலால் ஒன்றாகத் தைத்துவிடுவார்கள் என்றார். ஊசியையும் அவரே கோத்துக் கொடுத்தார். வெள்ளம் ஆரம்பிக்கும் வரியிலிருந்து அந்த அத்தியாயம் முடியும்வரை ஆறு தாள்களை விளிம்போடு தைத்தேன். அன்று பகல் அந்த இடத்தைத் தாண்டி, குரல் மாறாமல் வாசித்துக்கொண்டே போனேன்.

அடுத்த அத்தியாயத்தில் ஓடத்தை மகன் ஓட்டுகிறான். ஓடக்காரரைப் பற்றிப் பேச்சே இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. தைத்த பக்கங்களின் மீதிப் பாதியை நான் வாசிக்கவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். கால் முறிந்த வரியோடு என் கண் நின்றுவிட்டது. இரண்டாம் நாள் கோமதி கேட்டாள், ஓடக்காரர் எங்கே என்று. “ஊருக்குப் போயிட்டார்” என்றேன். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தைகளை எங்கே முன்பு சொன்னேன் என்று உறைத்தது. அவள் என் முகத்தையே பார்த்தாள். அன்றைக்கு அவள் சோற்றைத் தொடவில்லை. அடுத்த நாளும் தொடவில்லை.

அதற்கும் மறுநாள் பன்னிரண்டு மணிக்கு நான் வீட்டுக்கு வந்தபோது புஸ்தகம் அவள் மடியில் விரிந்து கிடந்தது. வெட்டிய நூல்துண்டுகள் பாயில் இருந்தன. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“ஓடக்காரர் நெசமாவே ஊருக்குத்தாம்ப்பா போயிருக்கார்” என்றாள். “கால்ல கட்டுப் போட்டு, மக வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. மக கஞ்சி வச்சுக் குடுக்கா. அந்தப் பக்கத்தையும் சேத்துல்லா தச்சிட்டீங்க?”

நான் தலையை ஆட்டினேன்.

“அப்போ வண்டிக்காரரும் நெசமாவே போயிருக்காரா?”

தெரியாதும்மா என்று சொன்னேன். அந்த மூன்று வாரத்தில் நான் அவளிடம் சொன்ன முதல் உண்மை அதுதான். வியாழக்கிழமை பற்றி அவள் பொய் சொல்லவில்லை என்பதையும், அவளை அனுப்பியது என் தப்பு என்பதையும் அப்போதுதான் வாயால் சொன்னேன். அவள் புஸ்தகத்தை மூடி என் கையில் கொடுத்தாள்.

அன்று மூன்று மணிக்குக் காரியாலயத்துக்குப் போகவில்லை. இங்கே ‘ஒப்பித்தால்’ என்று சொல்லும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெயர் தெரியாமல் ஒருவரைத் தேடுவது எப்படி? கடலை வண்டி, அச்சாணி, வியாழக்கிழமை என்று வாசல் காவலாளியிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். நான் கடலை விற்க வந்திருக்கிறேன் என்று நினைத்து அவன் இரண்டு முறை என்னை விரட்டினான். கடைசியில் ஒரு தாதி அழைத்துப்போனாள். அவர் பெயர் ஆறுமுகம். ரெட்டியார்பாளையத்துக்காரர். இடது கால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து பக்கத்துக் கட்டில்காரரோடு ஆடுபுலி ஆடிக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, பாப்பா எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டார். அன்றைக்கு அவள் தன் பலகையை அவர் முகத்துக்கு மேலே வெயில் படாமல் பிடித்துக்கொண்டு நின்றாளாம். கதவு தட்டப் போகும்போது அதை அவர் நெற்றியில் சாய்த்து வைத்துவிட்டு ஓடினாளாம். தான் மயங்காமல் இருக்க அவளிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்ததாகச் சொன்னார். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். அதைச் சொல்லாமல் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன், எதையும் தைக்காமல். “எந்தக் கால்?” என்று கேட்டாள். இடது என்றேன். கொஞ்ச நேரம் தன் இடது காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தட்டை எடுத்துவந்து சோறு கேட்டாள்.

இப்போது மழைக்காலம் வந்துவிட்டது. ஓடக்காரர் கதையை மூன்றாம் முறையாக வாசித்துக்கொண்டிருக்கிறோம், பதினொன்றாம் அத்தியாயத்தோடு சேர்த்து. பாளையங்கோட்டை ஜவுளிக்கடைக்காரர் கொடுத்த காலண்டர் எங்கள் சுவரில் தொங்குகிறது. அதில் ஞாயிற்றுக்கிழமைகள் சிவப்பாக அச்சடித்திருக்கின்றன. கோமதி வியாழக்கிழமைகளுக்கும் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறாள். ஒன்று அந்த ஊர்ச் சிவப்பு, ஒன்று இந்த ஊர்ச் சிவப்பு. எனக்கு இன்னும் எந்த நாளில் எழுந்தாலும் அது விடுமுறையா வேலைநாளா என்று அந்தக் காலண்டரைப் பார்க்காமல் தெரிவதில்லை.

போன வாரம் அந்தப் பென்சில் வட்டம் ஒன்றில், ஊர் தூங்கிய பிறகு, எங்கள் கதவை யாரோ தட்டினார்கள். கோமதியின் முகம் வெளுத்தது. வாசிப்பதை நிறுத்தி நான் எழுவதற்குள் அவள் ஓடிப்போய்த் தாழ்ப்பாளை இழுத்துவிட்டாள். வாசலில் ஆறுமுகம், கக்கத்தில் ஊன்றுகோலும் துண்டில் முடிந்த வறுத்த வேர்க்கடலையுமாக நின்றுகொண்டிருந்தார். அவள் தலைக்குமேல் என்னைப் பார்த்துச் சொன்னார்:

“இன்னிக்கு வியாழக்கெழம ஆச்சே. பள்ளிக்கூடம் லீவு, பாப்பா வூட்லதான் இருக்கும்னு வந்தேன்.”