ஹன்னாவின் பங்கு

மெல்பர்னில் எங்கள் வீட்டில் சாயங்காலம் நான் மிக்ஸி போடக்கூடாது. தம்பி மகள் கயல் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்துகொண்டு, உடன் படிக்கிற மூன்று பேரோடு பேசுவாள். யார் எவ்வளவு பேசினார்கள், எழுதினார்கள், மற்றவரோடு எப்படி ஒத்துப்போகிறார்கள் என்று பல்கலைக்கழகத்துக் கம்ப்யூட்டரே கவனித்து மார்க் போடுமாம். பாடம் தெரிந்தால் மட்டும் போதாதாம் இங்கே. மகனும் மருமகளும் இருட்டின பிறகுதான் வருவார்கள். பகலெல்லாம் வாய் திறக்க ஆளில்லை. கூட்டம் முடிந்து, "அத்தை, பசிக்குது" என்று அவள் கூப்பிடும்வரை காத்திருப்பேன்.

போன மாதம் மார்க் வந்தது. சேர்ந்து வேலை செய்யும் திறன் குறைவாம். அது தேறாவிட்டால் கம்பெனிப் பயிற்சி கிடையாது. திருவாரூருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

"நீயாடி ஒத்துப்போகாதவ? வாத்தியார் கண்ணுல கொள்ளிய வைக்க!"

"வாத்தியார் இல்ல அத்தை, மெஷின். எங்க மூணு பேர்ல ஹன்னான்னு ஒருத்தி, அவளுக்குக் காய்ச்சல். அவ பங்கையும் நாந்தான் எழுதி, அவ பேர்லயே போட்டுட்டேன். அதுல என் பங்கு குறைஞ்சுபோச்சு."

"சொல்ல வேண்டியதுதானே?"

"நீங்க சொல்லுவீங்களா?"

ஊரில் எங்கள் குத்தகை வயலில் நானும் இறங்கி நாற்று நட்டவள். பிள்ளைக்குப் பால் கொடுக்க ஒருத்தி கரையேறினால், இரண்டு பக்கத்துக்காரிகளும் கையை நீட்டி அவள் பங்கையும் நட்டுக்கொண்டே போவோம். யார் நட்டது என்று கேட்டாலும் ஒருத்தியும் வாய் திறக்கமாட்டாள். சொன்னால் அவளை நாலு பேர் முன்னால் குறைத்ததாகிவிடும்.

மறுநாள் வாத்தியாரம்மா திரையில் வந்தபோது நானே எட்டிப் பார்த்து, "எங்க பொண்ணு நல்ல பொண்ணுங்க" என்றேன். கயல் அதை இங்கிலீஷில் சொன்னதும், நான் மார்க்குக்குக் கெஞ்சுவதாக அவர் நினைத்துக்கொண்டார். கெஞ்ச வேண்டாம், செய்ததை அவளே கேமரா முன்னால் சொன்னால் கணக்கில் சேரும் என்றாராம்.

கயல் என் முகத்தைப் பார்த்தாள். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் சாயங்காலமும் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"சொல்லுடி" என்றேன்.

சொன்னாள். அவள் மார்க் ஏறியது, ஹன்னாவுக்கு இறங்கியது.

சனிக்கிழமை வாசலில் மணியடித்தது. ஹன்னா. கையில் கேக். கயல் சொன்னதுதான் நியாயம், தானே முன்னால் சொல்லியிருக்க வேண்டும் என்றாளாம்; சொல்லிவிட்டுச் சிரித்தாள். கயலும் சிரித்தாள். தோளில் கை போட்டுக்கொண்டு இரண்டு பேரும் உள்ளே போனார்கள். கேக்கை இரண்டு கையாலும் வாங்கி வைத்துக்கொண்டு நின்ற நான்தான் அந்தப் பெண் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.