ஒரே உயரம், இரண்டு எடை

தனசேகரனின் தம்பி தொலைபேசியில் சொன்னான். "அண்ணே, எங்கண்ணன் போயிட்டாக. மஞ்சக்காமாலை." சரி என்றேன். ரிசீவரை வைத்துவிட்டு, பாதியில் நின்ற அலுவலகக் கடிதத்தை அடித்து முடித்தேன். ஒரு பிழைகூட இல்லை.

அருப்புக்கோட்டையில் தனசேகரனை அறிந்த உங்களுக்கு அவன் மிளகாய் மண்டிக்காரன். அதற்கு முன் சிறு விமானம் ஓட்ட உரிமம் வாங்கியவன். பயணிகள் விமானம் ஓட்ட ஒரே ஒரு தேர்வுத் தாள் மிச்சமிருந்தது. எவ்வளவு எடையோடு, எந்த வெயிலில், எத்தனை நீள ஓடுபாதையில் விமானம் ஏறும், எப்படி இறங்கும் என்று கேட்கும் தாள். இரண்டு முறை தவறிவிட்டான். மூன்றாவதும் போனால் மண்டிதான் என்று அவன் அப்பா முடிவாகச் சொல்லியிருந்தார்.

எண்பதுகளின் கடைசி. நான் மதுரையில் இயற்பியல் முதுகலை முடித்து வேலையின்றி இருந்தேன். அவன் அப்பாவின் மண்டியில் வற்றல் மூட்டைமேல் உட்கார்ந்து கேள்விகளை வாசிப்பேன். அவன் தும்மிக்கொண்டே பதில் சொல்வான். வெயிலில் காற்று மெலியும், ஓடுபாதை நீள வேண்டும். "ஏலே, நம்மூரு மே மாசத்துல இங்க ஓட ஆரம்பிச்சா பாலவனத்தம் வரைக்கும் ஏறாது. அதுக்கு பஸ்ஸுலயே போயிரலாம்."

ஒரு கேள்வி. ஒரே மாதிரி இரண்டு விமானங்கள். ஒன்று கனம், ஒன்று லேசு. ஒரே உயரத்தில் இரண்டுக்கும் எஞ்சின் நின்றுவிடுகிறது. காற்று வீசவில்லை. எது அதிக தூரம் மிதந்து போகும்?

"ரெண்டும் ஒரே தூரம்."

"எப்பிடிலே? கனமானது முன்னாடியே விழுந்துரும்," என்றேன்.

கல்லாவிலிருந்து அவன் அப்பா சேர்ந்துகொண்டார். "லோடு வண்டியும் காலி வண்டியும் ஒண்ணாடா? அவுக எம்மெஸ்ஸி படிச்சவுக. சொல்றதக் கேளு."

என்னைப் பார்த்தான். தன் விடையை அடித்துவிட்டு என்னுடையதை எழுதினான்.

தேர்வில் அதே கேள்வி வந்தது. மதிப்பெண் தாளை என்னிடம்தான் முதலில் காட்டினான். ஒரே ஒரு கேள்வியில் தேர்ச்சி போயிருந்தது.

"கனமானது வேகமாப் போகும், சீக்கிரம் எறங்கும். தூரம் ஒண்ணுதான்லே. பொஸ்தகத்துல பாத்துட்டேன்."

"அப்ப என்னாலயா?"

"வேற எதுலயும் தப்பு விட்டிருப்பேன். விடுலே. டீ சொல்லவா?"

தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அப்பாவிடம் காரணம் சொல்லவில்லை. மறுநாள் கல்லாவில் உட்கார்ந்தான். பிறகு நாங்கள் சந்தித்தபோதெல்லாம் மழை, விலை, பிள்ளைகள் பற்றிப் பேசினோம். விமானம் பற்றிப் பேசவில்லை.

திருச்சுழியில், அவர்கள் சொந்த ஊரில், எரித்தார்கள். அழுகை வருமென்று காத்திருந்தேன். வெயில்தான் தெரிந்தது. அவன் அப்பா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீங்க ஒராளுதான் அவனுக்கு ஒக்காந்து சொல்லிக்குடுத்தீக. அவனுக்குத்தான் மண்டையில ஏறல."

அவனுக்கு ஏறியிருந்தது. தவறான விடை என்னுடையது என்று இப்போது உங்களுக்கு எழுத முடிகிறது. அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, அவன் யாரிடமும் சொல்லாமல் விட்டது மட்டும். அன்று அவர் பிடியிலிருந்து கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, நானும் சொல்லாமல் பஸ் ஏறினேன்.