பொன்முடி பில்லர் நகர்ந்தபோது

திருவனந்தபுரத்தில் மலைகளின் அசைவை அளக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். மலையில் கான்கிரீட் பில்லர் கட்டி, மேலே ஜி.பி.எஸ். ஆன்டெனா வைப்போம். இமயமலை ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உயரும். பக்கத்து மலையான பொன்முடியிலிருந்து சொல்லும்படி எதுவும் வராது. ஒரு மே மாதம், அங்கே தேயிலைச் சரிவில் இருந்த எங்கள் பில்லர் கீழே இறங்குவதாக ரீடிங் வந்தது.

மலையாளியான மேலதிகாரி ஜார்ஜ் சார் நம்பவில்லை. "மலை அங்ஙனெ ஒண்ணும் இறங்காது, கேட்டோ. ஆரோ பில்லரைத் தட்டியிருக்கும். போய் நோக்கு. அங்கெ தோட்டத்துல உள்ளவங்க தமிழ்தானே பேசுவாங்க."

நானும் அப்படித்தான் நினைத்தேன். போய் ஆன்டெனா, கேபிள், ரிசீவர் எல்லாம் சோதித்தேன். பழுதில்லை. பில்லர் லேசாகச் சாய்ந்திருந்தது. அடிபட்ட தடம் இல்லை.

சரிவுக்கு நேர்கீழே, ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளாகத் தொழிலாளர் லயம். அங்கே குடியிருக்கும் செல்வி, நான் வந்ததிலிருந்தே என்னைக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

"பில்லரை யாராவது தொட்டாங்களாக்கா?"

"நாங்க எதுக்கு மேடம் தொடணும்? சர்வேன்னு வருவீங்க. பின்னெ வீட்டெ காலி பண்ணுன்னு பேப்பர் வரும்."

தண்ணீர் கேட்டேன். கொடுத்தாள், ஆனால் வாசலை மறித்தே நின்றாள். அவளுக்குப் பின்னால் தரையில் நீளமாகப் புதுச் சிமெண்ட் பூச்சு தெரிந்தது. பக்கத்து வீட்டு வாசலிலும் அதே கோடு தொடர்ந்தது.

"இது என்னக்கா?"

"எலி பறிச்சது."

"எலி ரெண்டு வீட்டுக்கும் சேர்த்து நேராவா பறிக்கும்?"

 நான் வந்த காரணத்தை மறைக்காமல் சொன்னேன். "மேல இருக்கிற பில்லர் இந்தப் பக்கமா இறங்கிட்டு வருது. மழை பிடிச்சா எனக்குப் பயமா இருக்கு."

 "விரிசலைக் காட்டினா வீடு கொள்ளாது, இடிஞ்சிடும்னு வெளியே இறக்கி விட்டுடுவாங்க. நாங்க எங்க போறது?" என்றவள், அரிவாளை எடுத்துச் சிமெண்டைத் தானே சுரண்டினாள். உள்ளே என் கை நுழைந்தது.

ஜார்ஜ் சாருக்குப் போன் செய்தேன். விரிசல் எவ்வளவு அகலம் என்று கேட்டுவிட்டு, "நாளைக்கு நானும் வராம். ஆரும் அங்கெ படுக்க வேண்டா," என்றார்.

மாற்று வீடு தருவதாக எஸ்டேட் மேனேஜர் எங்கள் முன்னால் ஒப்புக்கொண்ட பிறகே செல்வி பாத்திரங்களைக் கட்டினாள். எல்லாக் குடும்பங்களும் பழைய தேயிலைக் கிடங்குக்கு மாறின. ஜூலை மழையில் சரிவு விழுந்தது. லயத்தின் பின்கட்டு முழுவதும் மண்ணுக்கடியில் போனது. உள்ளே யாரும் இல்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ரீடிங் மாறினால் கருவியைச் சந்தேகப்படுங்கள், தவறில்லை. ஆனால் அங்கே குடியிருப்பவர்கள் உங்களைச் சந்தேகப்பட்டால், எதற்கு என்று கேளுங்கள்.

செல்வி இப்போது புது வீட்டில் இருக்கிறாள். எங்கள் வண்டியைக் கண்டால் இன்னமும், "இப்போ எதுக்கு வந்தீங்க?" என்றுதான் கேட்கிறாள். முழுப் பதிலையும் சொல்லிவிட்டுத்தான் நான் மேலே ஏறுகிறேன்.