செடி இடுப்புக்கு வந்தால்

மற்ற தாய்மார்கள் பிள்ளைகளை நிமிர்ந்து நிற்கச் சொல்வார்களாம். என் அம்மா என்னை நிமிரவே விட்டதில்லை. கங்காணியின் தலைப்பாகை தூரத்தில் தெரிந்தால் போதும், தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு விழும்.

"கூனுடி. எரும மாதிரி வளந்து நிக்கிற!"

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் கங்காணி பிள்ளைகளின் வயதைக் கேட்பதில்லை. பிள்ளையைத் தேயிலைச் செடியோரம் நிறுத்திப் பார்ப்பார். செடி நெஞ்சளவு இருந்தால் விட்டுவிடுவார். இடுப்புக்கு வந்துவிட்டால் மறுநாள் விடியலில் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். வேலைக்கு ஆள் பிரிக்கும் அந்த வரிசையில் ஒருமுறை நின்ற பிள்ளை மறுபடி பள்ளிக்கூடம் வந்து நான் பார்த்ததில்லை. எனக்காகப் பேச அப்பாவும் உயிரோடு இல்லை.

நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசையில் கடைசிக் காம்பராவில்தான் பள்ளிக்கூடம். மாலையில் அம்மா ரொட்டி தட்டிக்கொண்டே அன்றைய பாடத்தைச் சொல்லச் சொல்வாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் நான் திக்கினால் தெரிந்துவிடும். மாவுக் கையோடு முதுகில் ஒன்று வைப்பாள். எனக்கோ பாடத்தைவிட என் கால்களை நினைத்துத்தான் பயம். பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டதா என்று குனிந்து குனிந்து பார்ப்பேன். வளர்வதை நிறுத்த ஒரு வழியும் தெரியவில்லை. நான் வளர்ந்துவிடக் கூடாதென்று அப்படிப் பயந்த அம்மா, என் ரொட்டியை மட்டும் ஒருநாளும் குறைத்ததில்லை. தன்னுடையதிலும் பாதியைப் பிய்த்து என் பக்கம் தள்ளுவாள். தின்னாவிட்டால் அதற்கும் அடி.

ஒரு நாள் அம்மா கொழுந்து பறிக்கும் மலைக்குத் தேத்தண்ணி கொண்டுபோனபோது கங்காணி பிடித்துக்கொண்டார்.

"இங்கிட்டு வா. இந்தச் செடிகிட்ட நில்லு."

பாவாடைக்குள் முழங்காலை மடக்கிக்கொண்டு நின்றேன். தேத்தண்ணி வாளி கையில் கனத்தது. மடக்கிய கால் கடுத்தது. இன்னும் கொஞ்சம் நின்றால் விழுந்துவிடுவேன். விழுந்தால் எழுந்திருக்க வேண்டும். எழுந்தால் உயரம் தெரிந்துவிடும். அம்மா கூடையோடு ஓடிவந்தாள். பொய் சொன்னால் வாயில் சூடு வைப்பேன் என்று என்னை மிரட்டுகிறவள், கண் இமைக்காமல் சொன்னாள்:

"சீக்காளிப் புள்ளைங்க அய்யா. ராவெல்லாம் இருமல். கூடைய மாட்டினா செத்துப் போயிரும்ங்க."

சொல்லிக்கொண்டே என் முதுகில் ஓங்கி அறைந்தாள். "வாயப் பாத்துக்கிட்டு நிக்காத. ஓடுடி பள்ளிக்கூடத்துக்கு!"

அந்த அடியில் இன்னும் வளைந்துபோனேன். நிஜமாகவே இருமல் வந்துவிட்டது.

"சரி சரி, அடுத்த வருசம் பாப்போம்" என்று கங்காணி நகர்ந்தார்.

இப்படியே பயந்து பயந்து வருடங்களைத் தள்ளினோம். கடைசியில் ஹாலிஎலப் பள்ளிக்கூடம் ஒன்றில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. புறப்படுகிற அன்று காலையில் அம்மா என் சேலையைச் சரிசெய்துவிட்டாள்.

"இனிமே யாருக்கும் பயப்பட வேணாம். நிமிந்து நில்லு தாயி."

நிமிர்ந்தேன். கொஞ்சம்தான் முடிந்தது. "இன்னும்" என்றாள். முடியவில்லை. தோள்களைப் பிடித்துப் பின்னால் இழுத்துப் பார்த்தாள், முதுகெலும்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். பிறகு கையை அங்கேயே வைத்துக்கொண்டு அழுதாள். அம்மா அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

அவள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவளைப் போல ஒருத்திக்குப் பிறக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். என் முதுகைப் பார்க்கிறவர்கள் கொழுந்துக் கூடை சுமந்து வந்த கூன் என்று நினைக்கிறார்கள். நான் ஒரு நாள்கூடக் கூடை சுமந்ததில்லை.