நடக்கிற வாட்டம்

நான் பொய்க் கோணம் காட்டினேன். என் அக்காள் வீட்டுக்காரரின் கிணற்றுக்காட்டை அந்தக் கோணம்தான் விழுங்கியது. ஏதோ கைதவறி நடந்துவிட்டது என்று நினைக்காதீர்கள்... தெரிந்தே செய்தேன்!

பொறுமையாகக் கேளுங்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் திருச்சுழியில் கணக்கு வாத்தியார். பருத்தி விலையும் மிளகாய் விலையும் மட்டுமே பேசிப் பழகிய எங்கள் பக்கத்து வாய்களில் திடீரென்று கம்பெனிப் பங்குகளின் பெயர்கள் புரண்ட காலம் அது. மதுரையில் ஒரு பங்குத் தரகரிடம் வேலை பார்த்த நண்பன், ஓர் ஆங்கிலப் புத்தகத்தின் நகலை எனக்குக் கொடுத்தான். அன்றாட விலைகளை வரைபடத்தாளில் புள்ளிகளாக வைத்து, அடியில் கிடக்கும் புள்ளிகளைத் தொட்டு ஒரு கோடு இழுக்க வேண்டும். கோடு நாற்பத்தைந்து பாகையில் ஏறினால் அந்த ஏற்றம் நிலைக்கும். அறுபதைத் தாண்டி நிமிர்ந்தால் சீக்கிரம் முறிந்து விழும். அதற்குள் விற்றுவிட வேண்டும். கணக்கு வாத்தியாருக்கு இதைவிட வேறென்ன கரும்பு வேண்டும்?

மாலையானால் என் வீட்டில் ஆட்கள் கூடிவிடுவார்கள். செய்தித்தாளில் விலை பார்த்து நான் புள்ளி வைப்பதையும், பாகைமானியை வைத்து அளப்பதையும் மூச்சடக்கிப் பார்ப்பார்கள். எனக்குக் 'கோண வாத்தியார்' என்று பெயரே விழுந்துவிட்டது. எத்தனை கர்வம் எனக்கு அந்தப் பெயரில்!

ஒருமுறை நான் சொன்னதைக் கேட்டு மளிகைக் கடை அண்ணாச்சி தன் பங்குகளை விற்றார். மறுவாரமே விலை இன்னும் ஏறிவிட்டது. அவர் கோபப்படவில்லை, சிரித்தார். "கோண வாத்தியாரா இவுக? கோணல் வாத்தியாருல்ல!" என்றார். அறையே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன், பாகைமானியைத் துடைக்கிறவன் போலத் தலையைக் குனிந்துகொண்டு.

இப்போது அத்தானைச் சொல்ல வேண்டும். என் அக்காளைக் கட்டியவர், பரளச்சியில் மானாவாரி விவசாயம். பாகை தெரியாது அவருக்கு, வாட்டம் தெரியும். நிலத்தின் சரிவை எங்கள் பக்கம் வாட்டம் என்போம். பயிர் வதங்கினால் அதற்கும் வாட்டம் என்றுதான் பெயர். மழைத்தண்ணீர் காட்டுக்குள் நடந்து போக வேண்டும், ஓடக்கூடாது. ஓடினால் கரிசலை அரித்துக்கொண்டு போய்விடும். என் கோட்டையும் அத்தான் அப்படித்தான் பார்த்தார். "நடக்கிற வாட்டம் மாப்ளே, நல்லாருக்கு" என்பார். அளந்து பார்த்தால் நாற்பத்தைந்தை ஒட்டியே இருக்கும். அந்த நம்பிக்கையில்தான் தன் நிலங்களில் கிணறு இருந்த ஒரே காட்டைப் பந்தல்குடிக் கடைக்காரர் ஒருவரிடம் அடகு வைத்து, நான் சொன்ன பங்கை வாங்கினார்.

பங்கு ஏறியது... ஏறிக்கொண்டே போனது! ஒருநாள் தாளைப் பார்த்த அத்தானின் முகம் மாறியது.

"இது ஓடுற வாட்டமால்ல தெரியுது. அரிச்சிரும் மாப்ளே. வித்து, காட்டைத் திருப்பிருவமா?"

அவர் வருவதற்கு முன்பே நான் அளந்திருந்தேன். கோணம் அறுபதைத் தாண்டியிருந்தது. ஆமாம் அத்தான், வித்துருங்க... இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் விற்ற பிறகு மறுபடியும் ஏறிவிட்டால்? அத்தனை பேர் முன்னால் மறுபடியும் கோணல் வாத்தியாராக நிற்பதா? "ஞாயித்துக்கிழமை வாங்க அத்தான், நல்லா அளந்து சொல்றேன்" என்று அனுப்பிவிட்டேன்.

அந்த வாரம் விலை தாளின் தலைக்கு மேலே போய்விட்டது. மேலே இன்னொரு தாளை ஒட்டி, அதே அளவில் வரைந்திருக்கலாம். பசை மேசையிலேயே இருந்தது. நான் புதுத்தாள் எடுத்தேன். ஒரு கட்டத்துக்கு ஐந்து ரூபாய் என்று இருந்ததைப் பத்தாக்கி, எல்லாப் புள்ளிகளையும் மறுபடி வைத்தேன். விலை அதே விலை, நாள் அதே நாள்... கோடு மட்டும் படுத்துக்கொண்டது. பாகைமானியை வைத்தேன். நாற்பத்தைந்து!

கோணம் சந்தையில் இல்லை. கட்டத்துக்கு நான் வைத்த மதிப்பில் இருந்தது. எத்தனை பாகை வேண்டுமோ அத்தனையும் என்னால் வரைய முடியும். வகுப்பில் சாய்வுப் பாடம் நடத்துகிறவனுக்கு இது முன்பே தெரியாதா? தெரிந்திருக்க வேண்டும்... பெயர் கண்ணை மறைத்திருந்தது. சரி, தெரிந்த பிறகாவது இரண்டையும் கிழித்து எறிந்தேனா? இல்லை. பழைய தாளைச் சுருட்டிப் பரணில் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அத்தான் புதுத்தாளை வெகுநேரம் பார்த்தார்.

"போன வாரம் வேற மாதிரில்ல இருந்துச்சு?"

"நாப்பத்தஞ்சுதான் அத்தான். நடக்கிற வாட்டந்தான்."

அவருடைய சொல்லை எடுத்தே அவர் வாயை அடைத்தேன். "நீ சொன்னாச் சரி. வாரேன் மாப்ளே" என்று பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

அதன்பின் சந்தை விழுந்தது. விற்க எல்லோரும் நின்றார்கள், வாங்க ஆளில்லை. கிணற்றுக்காடு கடைக்காரருக்குப் போயிற்று. அத்தான் பந்தல்குடிக்கு லாரியில் லோடு ஏற்றும் வேலைக்குப் போனார். ஒருநாள் பஸ் ஜன்னல் வழியே பார்த்தேன்... யாருடைய மிளகாய் மூடையோ அவர் முதுகில். என்னைக் கண்டதும் ஒரு கையை உயர்த்திச் சிரித்தார். நான் தூங்குகிறவன் போலக் கண்ணை மூடிக்கொண்டேன்.

அவர் என்னை ஒருநாளும் ஏசவில்லை. ஏசியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! சொன்னால் அக்காள் உறவு அறுந்துவிடும், சொல்லாவிட்டால் சோறு இறங்கவில்லை. மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் சில ஆண்டுகள் கிடந்தேன். பிறகு ஒருநாள் பரணிலிருந்து பழைய தாளை இறக்கி, இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு பரளச்சிக்குப் போனேன். இன்று சொல்லியே தீருவது!

அத்தான் முன்னால் இரண்டையும் விரித்தேன். "ரெண்டுலயும் ஒரே விலைதான் அத்தான். தாளு பத்தல... அளவை மாத்துனேன். அளவு மாறுனா கோணமும் மாறிரும். அன்னைக்கு நீங்க சொன்னதுதான்..."

அவர் பழைய தாளைக் கையில் எடுத்தார். ஏறி நின்ற கோட்டின் மேல் விரலை வைத்து மெல்லத் தடவினார். அவர் கண்கள் கலங்கின.

"அப்ப நான் பாத்தது சரிதானா? இம்புட்டு வருசமா எனக்கு வாட்டம் பாக்கிற கண்ணே போயிருச்சுன்னுல்ல நெனச்சேன். காட்டுல வரப்பு வெட்டக்கூட பயமா இருக்கும் மாப்ளே..."

பிறகு என் தோளைத் தட்டினார். "தாளு பத்தலைன்னா நீ என்ன செய்வ!"

பசை இருந்தது அத்தான், நீங்கள் விற்கக்கூடாதென்றுதான் மாற்றினேன்... இதுதானே நான் சொல்ல வந்தது? ஏன் சொல்லவில்லை? அவர் அதற்குள் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்துவிட்டார். "இந்தா, கேட்டியா? தம்பி மேல தப்பில்ல. தாளு பத்தலையாம்!"

அக்காள் அடுப்படியிலிருந்து வந்தாள். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஒன்னைய மனசுக்குள்ளயே கருவிக்கிட்டுக் கெடந்தேன்டா தம்பி. பாவி நான்! என்னைய மன்னிச்சிருடா..."

"விடுக்கா. நான் ஒண்ணும் நெனக்கல" என்றேன்.

மன்னித்தேன்... கேட்டீர்களா? நான் அவளை மன்னித்தேன்! அத்தான் இப்போது இல்லை. அக்காள் இருக்கிறாள், பசை இருந்தது தெரியாமலே. அந்த மன்னிப்பை நான் இன்னும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.